உபதேசியார் வாசித்த கிடார்

உபதேசியார் ஆசீரைத் தேடி ஒரு சீடர் வருவார் என்று அவருடைய மனைவி ஜெபக்கனிகூட நினைத்துப் பார்த்ததில்லை. உடன்குடிக்குத் தெற்கே, தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் தகரக் கூரை போட்ட தேவாலயம் ஒன்று உண்டு. ஊரார் அதைக் கோயில் என்பார்கள். அங்கே ஜெபம் நடத்துவதும் பிரசங்கம் செய்வதும் ஆசீரின் வேலை. வயது நாற்பதைத் தொடவில்லை. பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவார் என்பதுதான் அக்கம்பக்கத்தில் அவருக்கு இருந்த ஒரே பெருமை.

வந்த சீடருக்கு அறுபது வயது. தலையில் கறுப்புச் சாயம், காலில் கூர்முனைச் செருப்பு, கையில் கிடார் பெட்டி. ராக்கெட் ரத்தினம் என்றால் சென்னையில் குழந்தைக்கும் தெரியும். ராக் அண்ட் ரோலைத் தமிழில் பாடி, மேடையில் தானும் குதித்து, பார்க்க வந்தவர்களையும் குதிக்க வைத்தவர்.

"வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டியளா?" என்றார் உபதேசியார்.

"சாப்பாடு இருக்கட்டும் ஐயா. ஒரு கேள்வி கேக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"கேள்வி எங்கயும் போயிராது. மீன்கொழம்பு ஆறிரும். உக்காருங்க."

ரத்தினம் உட்கார்ந்தார். குழம்பு நன்றாக இருந்ததால் இரண்டாம் முறையும் சோறு வாங்கிக்கொண்டார். கை கழுவிய பிறகுதான் கேள்வி வந்தது.

"நான் ராயபுரத்துல கோயில் பாட்டுலயே வளர்ந்தவன் ஐயா. சின்ன வயசுல பாடகர் குழுவுல இருந்தேன். பாடும்போது கால் ஆடுதுன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம்தான் மேடைப் பக்கம் போனேன். ஆனா ஆண்டவரை விட்டதில்லை. பின்னாடி முழங்கால் போட்டு ஜெபிக்காம எந்த மேடையிலயும் நான் ஏறினதே கிடையாது."

"நல்லது."

"போன வருஷம் தொண்டையில கட்டி. குரல் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப ஒரு பொருத்தனை பண்ணினேன். குரலைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, இனிமே உமக்கு மட்டும்தான் பாடுவேன்னு."

"கொடுத்துட்டாரா?"

"கொடுத்துட்டார். முன்னைவிட நல்லாவே கொடுத்துட்டார். அதுதான் இப்ப பயமா இருக்கு."

அடுத்த வாரம் சனிக்கிழமை சென்னையில் கச்சேரி. அவருடைய குழுவினர் ஒத்திகை பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆண்டவருக்கு மட்டும் என்று வாக்குக் கொடுத்தவன், பழைய குதியாட்டப் பாட்டைப் பாடினால் அது துரோகம் இல்லையா? அந்தப் பாட்டே பாவமா? ரத்தினம் இரண்டு போதகர்களிடம் கேட்டிருந்தார். ஒருவர் அது பிசாசின் பாட்டு என்றார். மற்றவர் பதில் சொல்லாமல் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

"உங்களைப் பத்தி ஒருத்தர் சொன்னார். நேரா பதில் சொல்ல மாட்டாராம், ஆனா கேட்டவன் பதிலோடதான் திரும்புவானாம்."

"என்னைத் தெரியாத யாரோ சொல்லியிருக்காவ."

"நீங்க பாவம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. இப்பவே போன் பண்ணி கச்சேரியை நிறுத்திடறேன். அதோட ராக்கெட் ரத்தினம் முடிஞ்சான்."  சொன்னபடி செய்யக்கூடிய மனிதர்தான். செய்த பிறகு என்ன ஆவார் என்று நினைக்கத்தான் ஜெபக்கனிக்குக் கஷ்டமாக இருந்தது.

ரத்தினம் கிடார் பெட்டியை எடுத்து உபதேசியாரின் முன்னால் வைத்தார்.

"பதில் எதுவானாலும் சரி, இதைத் தேவனுக்குக் கொடுத்துட்டேன்."

"மெய்யாவே கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு."

"திருப்பிக் கேக்க மாட்டியள்லா?"

"மாட்டேன் ஐயா."

"சந்தோஷம்." உபதேசியார் பெட்டியைத் திறந்து கிடாரை வெளியே எடுத்தார். கோயில் பாத்திரங்கள் வைக்கும் அறைக்குக் கொண்டுபோய், பெரிய கரண்டிகள் தொங்கும் ஆணியில் அதையும் மாட்டிவிட்டு வந்தார்.

"என் கேள்வி?"

"செவ்வாக்கிழமை அசனம், அண்ணாச்சி. ஊரே சேந்து சமைச்சு, ஊரே சேந்து சாப்பிடுத விருந்து. அது முடியட்டும். அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒரு கீர்த்தனை பாடுங்களேன்."

ஞாயிற்றுக்கிழமை ரத்தினம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். கால் ஆடிவிடக் கூடாது என்று இரண்டு முழங்காலையும் ஒட்டி வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, குரலை அடக்கி, ஒவ்வொரு அடியையும் இழுத்து இழுத்துப் பாடினார். குரல் என்னவோ தேன்தான். முதல் அடிக்குக் கூடப் பாடியவர்கள் இரண்டாம் அடியில் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். கடைசிச் சரணம் வரும்போது கோயிலில் அவர் குரலும் மின்விசிறிச் சத்தமும்தான் கேட்டன.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் அழுதிருந்தார்கள். ரத்தினத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. இனிமேல் இப்படியே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"எப்படி ஐயா இருந்துது?" என்று சாப்பாட்டின்போது கேட்டார்.

"பிரமாதம். இவ இன்னைக்குப் பாடவே இல்லை, பாத்துக்கிடுங்க. எனக்குத் தெரிஞ்சு இவ பாடாத ஒரே ஞாயித்துக்கிழமை இதுதான்."

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"எனக்கென்ன அண்ணாச்சி? உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். அதுக்கு நடுவுல என் குரல் எதுக்கு?" என்றாள் ஜெபக்கனி.

ரத்தினம் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார். பாராட்டும்தானே அது. உபதேசியார் காதைச் சொறிந்துகொண்டு அப்பளத்தைக் கடித்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கோயிலைச் சுற்றி அடுப்புகள் மூண்டன. ஆண்கள் அண்டாக்களில் உலை வைத்தார்கள். பந்தலின் கீழே சின்ன வெங்காயத்தைக் குவியலாகக் கொட்டி, அதைச் சுற்றி ஊர்ப் பெண்களும் வேலைக்கு உதவாத ஆண்களும் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் இரண்டாவது வகையில் சேர்ந்தவர். ரத்தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். வெங்காயத்தை உரிப்பதற்குப் பதில் அவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமலே ஆக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அலுப்புத் தெரியாம ஒரு பாட்டுப் பாடுங்க," என்றாள் ஜெபக்கனி.

ரத்தினம் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டையே எடுத்தார். அதே அடக்கம், அதே இழுவை. பந்தல் அமைதியானது. உரித்த கைகள் அப்படியே நின்றன. கண்ணீர் வழிந்தது. அது பாட்டினாலா வெங்காயத்தினாலா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்டாப் பக்கம் இருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "வெங்காயம் வருதா, இல்லையா? கறி காத்துக்கிட்டு கிடக்கு."

உபதேசியார் குவியலைப் பார்த்தார். அது குறையவே இல்லை.

"அண்ணாச்சி, ரொம்ப நல்லா இருக்கு. போதும்."

"இன்னும் ரெண்டு சரணம் இருக்கே ஐயா."

"அதைச் சாப்பிட்ட பிறகு வச்சுக்கிடுவோம்."

அவர் எழுந்து உள்ளே போய் கிடாரை எடுத்து வந்தார்.

"ஐயா, அது தேவனுக்குக் கொடுத்தது."

"ஆமா. அவரு வீட்டுச் சாமான், அவரு வீட்டு வேலைக்கு."

உபதேசியாருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அது அவருக்கே தெரியும், ஆனால் அதற்காக அவர் கூச்சப்படவில்லை. வெங்காயக் கையோடு எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக இழுத்தார். கூரைத் தகரத்தில் தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் பாட ஆரம்பித்தார். ரத்தினத்தின் ரயில் பாட்டு. அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அது ஒலிக்காமல் பந்தி நடக்காது.

*நில்லு நில்லு ரயிலே, நானும் வாரேன் ரயிலே.*

அதை அவர் செத்தவர்களைப் புதைக்கும்போது அடக்க ஆராதனையில் பாடுகிற ராகத்தில் பாடினார். ரயில் எந்த ஸ்டேஷனிலும் கிளம்புகிற மாதிரித் தெரியவில்லை.

முதலில் ஜெபக்கனிதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடப் பாடினாள். அவள் குரலும் கொஞ்சம் கரகரப்புத்தான். அதைக் கேட்டதும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. பந்தலே பாடியது. சும்மா இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ரத்தினத்தின் முகம் கோணியது. வேறு பக்கம் திரும்பினார். இன்னொரு வெங்காயத்தை எடுத்து இல்லாமல் செய்தார். கடைசியில் பொறுக்கவில்லை.

"ஐயா, தட்டு அங்க விழக் கூடாது."

"வேற எங்க விழணும்?"

"ரெண்டாவதுல. ஒண்ணைச் சும்மா விட்டுட்டு ரெண்டுல தட்டணும்."

"ஒண்ணை எதுக்கு விடணும்? பாவம்லா."

"விட்டாத்தான் ஐயா ரயில் ஓடும். இப்படி..." ரத்தினம் தட்டிக் காட்டினார். உபதேசியார் அதைப் பார்த்துத் தட்டினார். தப்பாகத் தட்டினார். ஊரும் அவரோடு சேர்ந்து தப்பாகவே தட்டியது.

திருப்பிக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்த ரத்தினம் கேட்கவில்லை. கிடாரைப் பிடுங்கிக்கொண்டார்.

இரண்டு முறுக்காணிகளைத் திருகினார். காலை அகட்டி வைத்தார். முதல் இழுப்பிலேயே பந்தலில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு அடக்கி வைத்திருந்த குரல் வெளியே வந்தது. ராயபுரத்துப் பாடகர் குழு துரத்திவிட்ட கால், வேட்டியையும் மீறி ஆடியது. ஒன்றை விட்டு இரண்டில் தட்டுவது எப்படி என்று அவர் தலையை ஆட்டிக் காட்டினார். ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒன்றில் வெங்காயத்தை எடுத்தார்கள், இரண்டில் தோலை உரித்தார்கள். அண்டாக்காரர்கள் இரண்டில் கிண்டினார்கள். தண்ணீர் சுமந்து வந்தவர்கள் இரண்டில் காலை வைத்தார்கள்.

என்ன சந்தோஷமான காலை அது. பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள்கூட வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். இரண்டாம் சரணத்தில் ஊர்ச் சத்தம் ரத்தினத்தின் குரலைத் தொட்டது. மூன்றாம் சரணத்தில் அதைத் தாண்டிவிட்டது. அவர் அடிவயிற்றிலிருந்து பாடினார். ஆனாலும் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. மேடையில் அப்படி ஆகியிருந்தால் ஒலிபெருக்கிக்காரரைத் திட்டியிருப்பார். இங்கே அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே பாடினார், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

பாட்டை முடிக்க யாருக்கும் மனமில்லை. வெங்காயம் தீர்ந்ததால் முடிந்தது. கூடைகளை அடுப்புப் பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் கையில் இருந்த கிடாரைக் கவனித்தார். முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக உட்கார்ந்தார்.

"ஐயா, பொருத்தனையை உடைச்சிட்டேன்."

"வெங்காயம் முடிஞ்சிட்டு," என்றார் உபதேசியார்.

"விளையாடாதீங்க ஐயா. ஆபரேஷனுக்குப் போறப்ப கொடுத்த வாக்கு அது. நீங்க பக்கத்துலயே இருந்து கேட்டீங்க. சொல்லுங்க, இது பாவமா, இல்லையா? சனிக்கிழமை நான் போகலாமா, கூடாதா?"

"நான் எங்க அண்ணாச்சி கேட்டேன்? நான்லா பாடிக்கிட்டு இருந்தேன்."

ரத்தினம் ஜெபக்கனியைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா. எப்படி இருந்துது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும்தான் பாடினேன்," என்றாள் ஜெபக்கனி. அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

 ரத்தினம் மேலே கையைக் காட்டினார்.

"சரி, இங்க யாரும் கேக்கலைன்னே வச்சுக்குவோம். அவர் கேட்டிருப்பாரே ஐயா. அங்க உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பார்?"

உபதேசியார் துண்டால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் இன்னும் எரிந்தது. சிரிப்பையும் அவரால் அடக்க முடியவில்லை.

"இம்புட்டுப் பேரு பாடுத சத்தத்துல அண்ணாச்சி, அவரு மட்டும் சும்மா உக்காந்திருப்பாருன்னா நினைக்கிய?"