கரைக்குக் கீழே கல்யாணப் பந்தல்

வேலங்காட்டு ஜமீன்தாருக்கு ஐப்பசியில் அறுபதாம் கல்யாணம். அதற்குள் புது ஏரிக்கரை எழும்ப வேண்டும் என்றார். கரைமேல் மண்டபம் வேண்டும் என்றாள் அவர் மனைவி. குதிரைவண்டிப் பாதை வேண்டும் என்றார் மைத்துனர். கரைக்குக் கீழே குடியிருந்த கீழக்குடியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மண்வேலைத் தலைவி சடைச்சி அந்தக் கீழக்குடிக்காரி. “மண்டபத்தையும் பாதையையும் விட்டாத்தான் சாமி, களிமண்ணை மூணு தடவை மிதிச்சு இறுக்க நாள் இருக்கும்” என்றாள்.

“ஒரு தடவை மிதித்தால் போதும். கரை உடைந்தால் உன் தலை போகும்!” என்றார் ஜமீன்தார்.

சடைச்சிக்குக் கோபம் பொங்கியது. கரை உடைந்து கீழக்குடிப் பிள்ளைகள் செத்தால், அவள் தலை போய் அவர்கள் திரும்புவார்களா? ஆனாலும் ஊர் கூடிய சபையில் பணிவாகவே சொன்னாள்: “உத்தரவு சாமி. கல்யாணப் பந்தலையும் கரைக்குக் கீழேயே போட்டுடறோம். நல்ல சமதரை. உங்க சொந்தபந்தமெல்லாம் அங்கேயே தங்கலாம்.”

ஜமீன்தார் சீறினார். “புத்தி கெட்டவளே! அடைமழையில் கரைக்குக் கீழேயா? என் பேரப்பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோகவா?”

“அப்போ எங்க பிள்ளைங்க?” என்றாள் சடைச்சி.

சபை மொத்தமும் ஜமீன்தார் முகத்தையே பார்த்தது.

“மண்டபமும் வேண்டாம், பாதையும் வேண்டாம்” என்று முனகிவிட்டு எழுந்து போனார்.

மறுநாளே கீழக்குடி முழுக்கக் களிமண்ணில் இறங்கியது. மூன்றாம் தடவை மிதித்து முடித்தபோதும் சடைச்சிக்குக் கோபம் ஆறவில்லை.