ஐந்து மணிக்கு மூடும் பக்கம்

பரிசு ஒன்று. அதற்குக் கை நீட்டியவர்கள் இரண்டு பேர், நீட்டாமல் நின்றவர் ஒருவர். தீர்ப்பு சொல்லப்போவது நீங்கள்தான். ஆகவே கொட்டாவியை ஒத்திவைத்துவிட்டுக் கேளுங்கள்.

கோவில்பட்டியில் செண்பகவல்லி என்று ஓர் ஆசிரியை. வீடு இங்கே, வேலையோ மாநிலத்தின் மறுகோடியில், தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒரு பள்ளியில். கணவர் கோமதிநாயகம் உள்ளூர்ப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறிப்பதுதான் வேலை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அவரிடம் வளர்கிறாள். மாதம் இரண்டு முறை ஓடி வருவதும் பிள்ளையைப் பார்த்துவிட்டு ஓடுவதுமாக, செண்பகத்துக்கு ஆறு வருடம் போய்விட்டது. இந்த வருடம்தான் கோவில்பட்டியிலேயே ஓர் இடம் காலி. கோடை விடுமுறைக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், மாறுதல் விண்ணப்பத்தை இணையத்தில் போட மாலை ஐந்து மணி கடைசி. வேண்டிய சான்றிதழ் அவள் கைக்கு வந்ததோ அன்று மதியம்.

மூன்று மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தாள். ஒரு வருடமாகப் பிளக்கைப் பிடுங்கி மூலையில் போட்டிருந்த கணினி அது. உயிர் வந்துவிட்டதே என்று அவள் மகிழ்ந்தது ஒரு நிமிடம்தான். விண்ணப்பப் பக்கத்தைத் தட்டினால், கணினியோடு வந்த பழைய பிரவுசரில் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. செல்போனில் பார்த்தால் பாதிப் பக்கம் வெட்டுப்பட்டு, சமர்ப்பிக்கும் பொத்தானையே காணோம். வெளியே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகலாம் என்றால் ஊரில் கடையடைப்பு.

அண்ணன் அருணகிரிக்கும், மாடியில் குடியிருக்கும் ஜெசிந்தாவுக்கும் போன் போட்டாள். ஜெசிந்தா கண் மருத்துவமனை வரவேற்பில் நாள் முழுக்கக் கணினியோடு மாரடிப்பவள். இருவருக்கும் பிரவுசர் விஷயத்தில் நெடுநாள் பகை. அண்ணன் ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார், ஜெசிந்தா இன்னொன்றை. பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்கள் வீட்டிலும் சண்டை வரும்.

வந்ததும் வராததுமாக இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். செண்பகம் நடுவில் புகுந்தாள். "யார் இந்தப் பக்கத்தைத் திறந்து குடுக்கீங்களோ, அவங்க சொல்ற பிரவுசர் ஒண்ணுதான் இனிமே இதுல இருக்கும். மத்ததையெல்லாம் தூக்கிருதேன். இப்ப வேலையப் பாருங்க" என்றாள்.

முதலில் ஜெசிந்தா. தான் போன வருடம் போட்டுக் கொடுத்த பிரவுசரைத் திறந்தாள், அதே வரி. விடவில்லை அவள். யாரும் கேட்காமலே வந்து ஒட்டியிருந்த நிரல்களைக் களைந்தாள், வைரஸ் சோதித்தாள், பழைய குப்பைகளை அழித்தாள், அணைத்துப் போட்டாள். ஆமையாக நகர்ந்த கணினி துள்ளிக்கொண்டு எழுந்தது. ஆனால் அதே வரி. மணி நான்கு.

அடுத்து அருணகிரி. பென்டிரைவில் கொண்டுவந்த தன் பிரவுசரை ஏற்றினார். புத்தம் புதுசு. அதே வரி. மீண்டும் ஏற்றினார், மீண்டும் அதே வரி. மணி நாலரை. செண்பகத்தின் கண் முன்னால் தேன்கனிக்கோட்டை பஸ் வந்து நின்றது.

காபி கொண்டுவந்தார் கோமதிநாயகம். பிரவுசர் என்றால் கறுப்பா சிவப்பா என்று தெரியாத மனிதர். டம்ளரை நீட்டியவர் பார்வை, தொழில் பழக்கத்தில், திரையின் வலது ஓரத்துக்குப் போனது.

"இது என்ன, 2009-னு காட்டுது? மணியும் காலையில ஆறுன்னு நிக்கி."

"மாப்ள, பஸ்ஸுக்குத்தான் டைம் பாக்கணும். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? விடுங்க" என்றார் அருணகிரி.

"காபி கொண்டாந்த அண்ணாச்சி மனசு கோணுவானேன்" என்று சொல்லி, ஜெசிந்தா மவுஸை வாங்கித் தேதியையும் நேரத்தையும் திருத்தினாள். அருணகிரி சலிப்போடு தன் பிரவுசரை இன்னொரு முறை தட்டினார்.

பக்கம் திறந்தது. செண்பகம் மளமளவென்று நிரப்பினாள். பள்ளியின் பெயர், சான்றிதழ், விருப்ப இடம். சமர்ப்பித்து, பதிவு எண் வந்தபோது மணி நாலு ஐம்பத்து மூன்று. நால்வரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் அவள் ஜெசிந்தாவின் பிரவுசரிலும், கணினியோடு வந்த பழைய பிரவுசரிலும் தட்டிப் பார்த்தாள். இரண்டிலும் பக்கம் திறந்தது.

பிறகு வந்தது வழக்கு. "திறந்தது என் பிரவுசர்ல. எல்லாரும் பாத்தீங்கல்லா?" என்றார் அருணகிரி. "தேதியத் திருத்துனது என் கை. மெஷினுக்கு வேகம் வந்ததும் என்னால" என்றாள் ஜெசிந்தா. கோமதிநாயகம் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

கேட்டவர்களே, செண்பகம் கொடுத்த வாக்குப்படி பக்கத்தைத் திறந்தவர் யார்? யார் சொல்லும் பிரவுசர் அந்த வீட்டில் இருக்க வேண்டும்?

விடை இது. மூன்று பிரவுசரும் ஒரே வரியைச் சொன்னால் குறை பிரவுசரில் இல்லை. தேதி சரியானதும் மூன்றும் திறந்தன. ஆகவே அருணகிரியின் உரிமை போயிற்று. ஜெசிந்தா கொடுத்த வேகம் நல்ல வேகம்தான், ஆனால் அந்த வேகத்திலும் வந்தது அதே வரி. தேதியைத் திருத்த, சொல்லிவிட்டால், எந்தக் கையும் போதும். கணினியின் உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி செத்துப்போய், கடிகாரம் பின்னால் ஓடிவிட்டது. தேதி தப்பினால், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று போட்டிருக்கும் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றைப் பிரவுசர் நம்பாது. அதைக் கண்டது கோமதிநாயகத்தின் கண். பரிசு அவருக்குத்தான். செண்பகமும் அப்படியே தீர்த்து, "எது இருக்கட்டும், சொல்லுங்க" என்று கேட்டாள். அவர் யோசித்து, "நீ இங்க வந்துட்டங்கிற ஆர்டர் எதுல வருமோ, அது இருக்கட்டும்" என்றார். எதில் பார்த்தாலும் ஒரே ஆர்டர்தான் வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒன்றையும் நீக்கவில்லை. தினமும் காலையில் மூன்றையும் திறந்து பார்க்கிறாள்.