கூட்டத்துக்குப் போன கேள்வி

ஓர் ஊரில் ஒரு கேள்வி பிறந்தது. பிறந்தது ஒன்றும் பெரிய இடத்தில் இல்லை. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், ஒரு நூற்பாலையின் வாசலுக்கு எதிரே இருந்த பேக்கரியில். பெற்றவர் பேக்கரி முதலாளி சென்னியப்பன். அந்த ஆலையில் அவருக்குக் கொஞ்சம் பங்குகள் உண்டு. கடையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தார்.

ஆலை நிற்கும் நிலத்தை விற்கப்போகிறார்கள், வாங்குவது சேர்மனின் சம்பந்தி என்று டீ குடிக்க வந்தவர்கள் சொன்ன அன்றுதான் கேள்வி பிறந்தது. நிலம் போனால் ஆலை போகும். ஆலை போனால் பங்கை ஒருவரும் சீந்தமாட்டார்கள், பேக்கரிக்கும் ஆள் வராது. சென்னியப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கேள்வி அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"எங்க ஆலை நிலத்தை யாரைக் கேட்டு விக்கறீங்க?"

இவ்வளவுதான் அது. ஆனால் கேள்விகளின் பிழைப்பு பரிதாபமானது. கேட்கவேண்டிய இடத்தில் கேட்காவிட்டால் நெஞ்சுக்குள்ளேயே செத்துப்போகும், செத்த பிறகும் அங்கேயே கிடந்து கனக்கும். அதனால் ஆலைக் கம்பெனியின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போயே தீரவேண்டும் என்று அது அவரை நச்சரித்தது. சென்னியப்பனும் கடையை ஒரு நாள் அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசல் மேஜையில் பலகாரப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்த பொட்டலம் கேள்வியைப் பார்த்துச் சிரித்தது.

"வா வா, டோக்கன் வாங்கியாச்சா?"

"நான் திங்க வரலை," என்றது கேள்வி. "சேர்மனைப் பாக்க வந்திருக்கேன்."

"எல்லாரும் அப்படிச் சொல்லிட்டுத்தான் உள்ளே போறாங்க. என்னைக் கையில வாங்கினதும் பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறாங்க. ஒரு மைசூர்பாகு, கொஞ்சம் மிக்சர், ஒரு வாழைப்பழம். என்னைக் கேவலமா நினைக்காதே. இந்தக் கம்பெனியில உங்காளு கைக்கு நேரா வந்து சேர்றது நான் ஒருத்தன்தான்."

கேள்விக்குக் கோபம் வந்தது. ஆனால் பொட்டலம் சொன்னதில் பொய் எதுவும் இல்லாததால் பேசாமல் உள்ளே போனது.

உள்ளே மைக்குக்கு முன்னால் வரிசை நின்றது. முதலில் பேசியவர் சேர்மனின் தாத்தாவில் தொடங்கி அவர் கட்டியிருந்த கைக்கடிகாரம் வரை புகழ்ந்தார். அடுத்தவர் போன வருஷம் கொடுத்த மிக்சர் நமுத்துப்போயிருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டார். சேர்மன் உடனே பக்கத்திலிருந்தவரிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். மண்டபமே சிரித்தது. இந்த மனிதர்களைப் பார்த்துத்தான் கேள்விக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

"நீ நீளமா?" என்று மைக் கேட்டது. அதன் குரல் கரகரத்திருந்தது.

"ஒரே வரி."

"அப்ப பொழைச்சுக்குவே. நீளமானதையெல்லாம் பாதியில அணைச்சிருவாங்க."

"நீ எனக்கு உதவி பண்ணுவியா?"

"உன்னைச் சத்தமாக்குவேன். அதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்லை. புகழ்ந்தவரையும் இதே சத்தத்துலதான் அனுப்பினேன்."

சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். கேட்டேவிட்டார். பின்வரிசையில் யாரோ கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள். கேள்விக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்குத்தானே பிறந்தோம் என்று நினைத்தது.

சேர்மன் முகம் சுளிக்கவில்லை. தலையை ஆட்டி, பதிலை முன்னே அனுப்பினார். பதில் கோட்டுப் போட்டு, தலை வாரி, நிதானமாக நடந்து வந்தது.

"அன்பர் சென்னியப்பன் அவர்களுக்கு நன்றி. உரிய ஆலோசனைகளுக்குப் பிறகே, கம்பெனியின் நலன் கருதி, இந்தத் தீர்மானம் பங்குதாரர்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. தங்கள் உணர்வை மதிக்கிறோம்."

கேள்வி அதை மறித்தது. "நான் கேட்டது இது இல்லையே."

"தெரியும்," என்றது பதில், யார் காதிலும் விழாதபடி. "நான் உனக்காகப் பிறந்தவன் இல்லை. நீ வர்றதுக்கு முன்னாலயே என்னை எழுதி வெச்சுட்டாங்க. இன்னிக்கு எது கேட்டாலும் நான்தான் வருவேன்."

கேள்வி துவண்டுபோனது. அப்போது மேடையில் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். நிலத்தை விற்க நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். இதுவரை ஓட்டுப் போடாதவர்கள் மண்டபத்திலேயே போடலாம். சேர்மன் குடும்பத்திடம் அவ்வளவு பங்கு கிடையாது என்பது ஊருக்கே தெரியும். சின்னப் பங்குக்காரர்கள் வேண்டாம் என்றால் நிலம் நிற்கும். பக்கத்து நாற்காலிக்காரர் சென்னியப்பனின் முதுகில் தட்டினார். கேள்வி மறுபடி நிமிர்ந்தது. பதில் போனால் போகட்டும், ஓட்டு இருக்கிறது.

ஓட்டு மேஜையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்கம்மிணி, வேண்டாம்னு போடறதுக்கு எங்க அமுக்கறதுங்க?"

அவள் அவர் பெயரைத் தட்டிப் பார்த்தாள். "ஐயா, நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டுட்டீங்களே."

"நானா? நான் இப்பத்தானுங்க வர்றேன்."

"போன்ல போட்டிருக்கீங்க. போன வாரம்."

சென்னியப்பன் தன் போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியது.

"கம்பெனி போன்ல அனுப்பினதுங்களா? அது... கூட்டத்துக்கு வர்றேன்னு பேர் குடுக்கறதுன்னுல்லங்க நெனச்சேன். அமுக்காட்டி உள்ள விடமாட்டாங்கன்னு, வரிசையா எல்லாத்துக்கும் சம்மதம்னு அமுக்கினேனுங்க."

"நிறையப் பேர் அப்படித்தாங்க ஐயா சொல்றாங்க," என்றாள் அவள். "ஒருக்கா போட்டா மாத்த முடியாதுங்க."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார். இன்னொருவர் பலகார வரிசைக்குப் போய்விட்டார். சென்னியப்பன் மேஜையைப் பிடித்தபடி நின்றார்.

அப்போதுதான் கேள்வி கம்ப்யூட்டருக்குள் பார்த்தது. அங்கே தன் ஜாடையிலேயே ஒருவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நீ யாரு?" என்று கேட்டது.

"இவரோட சம்மதம்."

"எப்ப வந்தே?"

"போன வாரம். உனக்கு முன்னாடியே இங்க வந்து சேந்துட்டேன்."

"நான் பேசினப்ப இங்கதான் இருந்தியா?"

"இருந்தேன். நல்லாக் கேட்டே. எல்லாரும் கை தட்டினப்ப எனக்கும் தட்டணும்போல இருந்துச்சு. ஆனா என்னை அந்தப் பக்கத்துல சேத்தாச்சு. என்னை மாதிரி இன்னும் எத்தனையோ பேர் இங்க இருக்காங்க. நாங்க இல்லாட்டி அவங்களுக்கு ஓட்டுப் பத்தியிருக்காது."

"அப்ப எனக்குப் பதிலே கிடையாதா?"

சம்மதம் நிமிர்ந்து பார்த்தது.

"யாரைக் கேட்டு விக்கறீங்கன்னுதானே கேட்டே?" என்றது. "இவரைக் கேட்டுத்தான்."