மூடியே இருந்த கதவு

இதயம் தவறாமல் துடிக்க நெஞ்சில் பொருத்தும் ஒரு பேஸ்மேக்கருக்குள் நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்று இருந்தது. அதற்குள் கோடிக்கணக்கான கதவுகள் குடியிருந்தன. திற என்றால் எலக்ட்ரான்களை விடவேண்டும்; மூடு என்றால் தடுக்கவேண்டும். அவை திறந்து மூடுவதில்தான் கணக்கே நடந்தது. கணக்கு சரியாக வந்தால் பவளக்கொடியின் இதயத்துக்குத் துடிக்கச் சொல்லி ஒரு தட்டு போகும். அவள் மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவள்.

சில்லு செய்கிறவர்கள் தலைமுறைக்குத் தலைமுறை கதவுகளை மெலிதாக்கிக்கொண்டே வந்திருந்தார்கள். இப்போது ஒவ்வொன்றும் சில அணுக்களின் தடிமன்தான்.

ஒருநாள், ஓரத்தில் இருந்த கதவு இறுக மூடியிருக்கும்போதே அதைக் கடந்து மறுபக்கத்தில் ஓர் எலக்ட்ரான் நின்றது.

"நான் திறக்கவில்லையே. எப்படி வந்தாய்?"

"அங்கே இருந்தேன். இப்போது இங்கே இருக்கிறேன். நடுவில் ஏதாவது இருந்ததா என்ன?"

வெளியே தெரிந்தால் தன்னை ஒதுக்கிவிடுவார்கள் என்று கதவு வாயை மூடிக்கொண்டது. பக்கத்துக் கதவிடம் ஜாடையாக விசாரித்தது. தன்னிடம் எந்தக் குறையும் இல்லை என்று அது அவசரமாகச் சொன்னது. அதற்குள் இன்னும் சில எலக்ட்ரான்கள் வந்துவிட்டன.

கணக்கு பிசகியது. கம்பி வழியாக இதயம் கேட்டது: "எனக்கு வரவேண்டிய தட்டு எங்கே?"

வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பவளக்கொடிக்குக் கண் இருட்டியது. எப்படியோ பஸ்ஸைப் பாறை ஓரமாக ஒதுக்கி பிரேக்கை மிதித்தாள். கண்டக்டர் அமலதாஸ் பதறி ஓடிவந்தான்.

"அக்கா, என்னாச்சு?"

அவள் ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்தாள்.

கதவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சில்லைக் கண்காணிக்கும் காவல் மின்சுற்றைக் கூப்பிட்டது. "நான் மூடித்தான் இருக்கிறேன். ஆனால் தடுக்க முடியவில்லை. என்னை நம்பாதே."

காவல் சுற்று அதைத் துண்டித்துவிட்டு ஓர் உபரிக் கதவை இணைத்தது. இதயத்துக்குத் தட்டு போனது. பவளக்கொடி மூச்சை இழுத்து விட்டாள்.

பிறகு காவல் சுற்று மற்ற கதவுகளையும் விசாரித்தது. மூடியிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்றே எல்லாம் சொல்லின.

காவல் சுற்று நகர்ந்ததும், பக்கத்துக் கதவு துண்டிக்கப்பட்ட கதவிடம் கிசுகிசுத்தது: "எனக்கும் நேற்றிலிருந்து அப்படித்தான்."

"சொல்லிவிடேன்."

"சொன்னால் உன் கதிதானே எனக்கும்?"

அதற்கப்பால் இருந்த கதவு தலையைத் திருப்பிக்கொண்டது. அதற்கு அப்பால் இருந்ததும்.

"ஒண்ணுமில்லப்பா, லேசா தலை சுத்துச்சு. இப்ப சரியாயிடுச்சு" என்ற பவளக்கொடி, அடுத்த வளைவை நோக்கி பஸ்ஸைக் கிளப்பினாள்.