பிணையாளர் கையொப்பம்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து இருபத்தாறு வருஷம் கழித்துத்தான் தவசிலிங்கத்துக்கு நூலக வேலைக்கான உத்தரவு வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. யாரிடம் காட்டலாம் என்று சற்று நேரம் யோசித்தார். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணம் நடக்கவில்லை. உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மணியாற்றுக்குப் பஸ் ஏறினார்.

மணியாறு கிளை நூலகத்தில் நூலகர் பத்ருன்னிசா. தவசிலிங்கத்தைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். மூன்று மாதம் அவரிடம் பயிற்சி பெற வேண்டும் என்று உத்தரவில் இருந்தது.

முதல் நாள் பத்ருன்னிசா கேட்டார்.

"சார்னு கூப்பிடவா, அண்ணேன்னு கூப்பிடவா?"

"உங்க இஷ்டம் மேடம்."

"அப்ப அண்ணே."

அதற்குமேல் அதிகம் பேசவில்லை. அவர் சுபாவமே அப்படி. ஏதாவது சந்தேகம் கேட்டால் வாயால் பதில் வராது. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார். வேலையை முடித்தபோது சந்தேகம் தீர்ந்திருக்கும், அல்லது இன்னொன்று முளைத்திருக்கும்.

இரண்டு மாதம் ஓடியது.

ஒரு புதன்கிழமை காலை ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலாவதியான உறுப்பினர் அட்டையையும், எடுத்துப்போக ஒரு புத்தகத்தையும் மேசைமேல் வைத்தார்.

"புதுப்பிக்கணும் சார்."

தவசிலிங்கம் படிவத்தைக் கொடுத்தார். அந்த அம்மாள் நின்றபடியே நிரப்பினார். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. கடைசிக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டார். 'பிணையாளர் கையொப்பம்' என்று போட்டிருந்த கட்டம்.

"இது?"

"போன தடவ வாத்தியாரய்யா ஜாமீன் போட்டாரு. ஆறு வருஷம் அவரத்தான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன். தையில இறந்துட்டாரு."

"அவங்க வீட்ல வேற யாராவது?"

"புள்ளைங்க வெளியூரு. போன்ல கேட்டேன். 'அப்பாவுக்குத்தான் உங்களத் தெரியும், எங்களுக்குத் தெரியாது'ன்னுட்டாங்க."

"இப்ப எங்க வேலை?"

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால மில்லுக்காரர் வீடு. இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆகி, இப்பத்தான் எந்திரிச்சு உக்கார்றாரு. நான் அங்க போய் ஒன்பது நாள்தான் ஆச்சு. இப்பவே கையெழுத்துன்னு போய் நின்னா பயந்துக்குவாங்க சார்."

"அப்ப முடியாதும்மா. இங்கேயே உக்காந்து படிங்க. அதுக்குக் கார்டு வேணாம்."

"எனக்கு ஏது சார் உக்கார நேரம். ஆளு தூங்குறப்ப முழிச்சிருக்கறதுதான் என் வேலையே. அப்ப கையில ஒரு புத்தகம் இருந்தா..."

முடிக்கவில்லை. எடுத்து வைத்திருந்த புத்தகத்தை மேசை விளிம்புக்கு நேராகத் திருத்தி வைத்தார். அட்டையையும் படிவத்தையும் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

தவசிலிங்கம் விதிப்படிதான் நடந்துகொண்டார். ஆனாலும் அந்தக் காலிக் கட்டம் மத்தியானம்வரை மனசில் உறுத்தியது. பத்ருன்னிசா புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். தவசிலிங்கம் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடம், வாசல்ல 'நூலகம் அனைவருக்கும்'னு எழுதியிருக்கு. படிவத்துல ஜாமீன் கேக்குறோம். ரெண்டுல எது சரி?"

பத்ருன்னிசா விரலில் இருந்த பசையைத் துடைத்தார்.

"நீங்க இங்க உறுப்பினரா அண்ணே?"

"நான் இங்க வேலை பாக்குறவன் மேடம்."

"உறுப்பினரா?"

"இல்ல."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

"சேந்துடுங்க. ஜாமீனுக்கு என்னைக் கேக்காதீங்க. ஊர்ல யார்கிட்டயாவது வாங்கிட்டு வாங்க."

இது ஒரு வேலையா என்று தவசிலிங்கம் நினைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனார். இரும்புக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் தவசிலிங்கம் குடியிருந்தார். வீட்டுக்காரர் படிவத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"உங்க ஆதார் நகல்தான் என்கிட்ட இருக்கே. இது எதுக்கு?"

"இது வேறங்க. என்னை உங்களுக்குத் தெரியும்னு ஒரு கையெழுத்து."

"தெரியும். மாடியில இருக்கீங்க."

"ஆமாங்க."

"வேறென்ன தெரியும்?" என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் கேட்டார். பிறகு, "எதுக்கும் மகன் வரட்டுமே. பொங்கலுக்கு வருவான்" என்றார்.

தினமும் சாப்பிடும் மெஸ்ஸுக்குப் போனார். கல்லாவில் இருந்தவர் முகம் மலர்ந்தது.

"உங்களத் தெரியாதா சார்? ரெண்டு தோசை, சட்னி கொஞ்சம் கூட." பேனாவையும் வாங்கிக்கொண்டார். "பேரு என்ன சார்?"

"தவசிலிங்கம்."

"ஓ" என்றார். கையெழுத்துக்குக் கீழே வீட்டு வரி எண் கேட்டிருப்பதை அப்போதுதான் பார்த்தார். "நமக்குச் சொந்த வீடு இல்லையே சார். கடையும் வாடகைதான்." பேனா திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை ஒரு பள்ளிக்கூட ஆசிரியரைக் கேட்டார். அந்த ஆசிரியர் பள்ளிக்குப் போகுமுன் தவறாமல் நூலகத்துக்கு வந்து பத்திரிகை படிப்பார். இரண்டு மாதமாக அவர் கையில் பத்திரிகையை எடுத்துக் கொடுப்பவர் தவசிலிங்கம்.

"புதுசா வந்திருக்கீங்களா?" என்றார் ஆசிரியர்.

"ரெண்டு மாசம் ஆச்சு சார். தினம் நான்தான் பேப்பர் எடுத்துத் தர்றேன்."

ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"அப்படியா. தப்பா நினைக்காதீங்க. முன்ன ஒருத்தருக்குப் போட்டுக் கொடுத்துச் சிரமப்பட்டுட்டேன். தெரியாதவங்களுக்குப் போடறதில்ல."

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. தவசிலிங்கம் இரண்டு சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். தெருவில் போகிற எல்லோரும் யாரையாவது பார்த்து ஏதாவது சொல்லிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு மணிவாக்கில் ஒன்று தோன்றியது. காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போன வெள்ளியும் பேசவில்லை. அதற்கு முந்தின வெள்ளியும்தான்.

"தவசிலிங்கம்" என்று சொல்லிப் பார்த்தார்.

வெற்று அறையில் அது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல் கேட்டது. இன்னொரு தடவை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை படிவத்தைப் பத்ருன்னிசாவின் மேசையில் வைத்தார். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தது.

"கிடைக்கல மேடம்."

"எத்தன பேர்கிட்ட கேட்டீங்க?"

"மூணு. நாலாவதா யாரைக் கேக்கறதுன்னு தெரியல."

பத்ருன்னிசா படிவத்தைத் திருப்பினார்.

"பின்பக்கம் படிங்க."

அவர் வாய்விட்டுப் படித்தார். "பிணையாளராகக் கையொப்பமிடத் தகுதியுடையோர். வீட்டு வரி செலுத்துவோர், ஆசிரியர்கள், எந்த ஊரில் பணிபுரியும் அரசுப் பணியாளராயினும்..."

படிப்பது நின்றது. இந்த வரியை இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ பேருக்கு விரல் வைத்துக் காட்டியிருக்கிறார்.

"அந்தம்மாவுக்கு நானே போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

"எனக்கு அவங்களத் தெரியாதே மேடம்."

"அவங்க பேரு என்ன?"

தவசிலிங்கம் யோசித்தார். ஐந்து நிமிஷம் அந்த அட்டை அவர் கையில்தான் இருந்தது. தேதி நினைவிருந்தது. அட்டை எண்கூட நினைவிருந்தது. பெயர் வரவில்லை.

பத்ருன்னிசா மறுபடி எண் ஒட்டத் தொடங்கினார்.

மத்தியானம் தவசிலிங்கம் சாப்பிடப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மில்காரர் வீட்டைத் தேடிப் போனார். கதவைத் திறந்தது அந்த அம்மாளேதான். இவரைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"புத்தகம் எதுவும் பாக்கி இல்லையே சார்!"

"இல்லம்மா. உங்க பேரு கேக்க வந்தேன்."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். யாரும் அதற்காக வீடு தேடி வந்ததில்லை போலும்.

"அருளாயி."

"படிவம் இருக்கா? நானே ஜாமீன் போடுறேன். போடலாமாம். எனக்குத்தான் தோணல."

அருளாயி நகர்ந்து வழிவிட்டார். உள்ளே கூடத்தில் மில்காரர் கைத்தடியோடு நடந்து பழகிக்கொண்டிருந்தார். சுவரோரம் ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

"ஐயா எந்திரிச்சு நடந்துட்டாரு சார். இனி ஆள் வேணாம்னுட்டாங்க. திங்கக்கிழமை வடகரையில வேற வீடு."

"இவ்வளவு சீக்கிரமா?"

"எங்க வேலை அப்படித்தான். அவங்களுக்கு நல்லா ஆனாலும் கிளம்பணும், ஒண்ணு ஆயிட்டாலும் கிளம்பணும்."

தவசிலிங்கம் எடுத்த பேனாவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். இருவரும் வாசற்படியிலேயே பேசினார்கள். அவருக்குச் சொந்த ஊர் எது, எழுத யார் சொல்லிக் கொடுத்தது என்று தவசிலிங்கம் கேட்டார். அருளாயி ஒவ்வொன்றாகச் சொன்னார். எட்டாவது வரை படித்தது, புருஷன் போனது, முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பத்திரிகை படித்துக் காட்டப் போய் அதுவே பிழைப்பானது. இதையெல்லாம் அவர் சொல்லி வெகு நாளாகியிருக்க வேண்டும். இடையிடையே எதை விட்டோம் என்று நிறுத்தி யோசித்தார்.

"உங்க பேரு என்ன சார்?"

சொன்னார்.

"உங்க வீட்ல கார்டு வச்சிருப்பீங்கல்ல?"

"எனக்கே இல்ல. ஜாமீன் போட ஆள் கிடைக்கல."

அருளாயி சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"நான் போட்டா செல்லாதுல்ல சார்?"

"செல்லாது."

உள்ளேயிருந்து மில்காரர் கூப்பிட்டார். அருளாயி, "வர்றேன் தவசிலிங்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தவசிலிங்கம் நூலகத்துக்கு நடந்து வந்தார். வெயில் கொளுத்தியது. பத்ருன்னிசா கடைசிப் புத்தகத்துக்கு எண் ஒட்டி, உலர வைத்துக்கொண்டிருந்தார்.

"அருளாயி ஊரை விட்டுப் போறாங்க மேடம். வடகரைக்கு."

"யாரு?"

"அருளாயி. புதன்கிழமை வந்தாங்களே."

"சரி."

"அங்கேயும் நூலகம் இருக்கு. அங்கேயும் இதே படிவம்தான்."

"ஆமா."

"ஜாமீன் கேப்பாங்க."

"கேப்பாங்க."

"முன்னப்பின்ன பாக்காத ஊரு மேடம். இவங்களத் தெரியும்னு கையெழுத்துப் போட அங்க யாரு இருக்கா?"

பத்ருன்னிசா இழுப்பறையைத் திறந்தார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி அவர் முன்னால் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமே அண்ணே" என்றார்.