தூக்குக் கேட்கிறவர்

"தாயே, ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல ஒருத்தன் மாற முடியுமா?"

கேட்டவர் செவ்வந்திலிங்கம். அரசு வழக்கறிஞர். கொலை வழக்குகளில் அரசுக்காக வாதாடுகிறவர்.

கொள்ளிடக் கரையில் மாந்தோப்புக்குள் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்துக்கு அவர் ஞாயிறுதோறும் தவறாமல் வந்துவிடுவார். ஆசிரமத்தை நடத்திவந்த அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் அம்மையைத் தாயே என்பார். அம்மை அவரை வக்கீலய்யா என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிப்போயிருந்தது.

அம்மை மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு மாறணும்?"

"நான்தான். கோபம் போகமாட்டேங்குது. வீட்டுலயும் குறுக்கு விசாரணைதான். குழம்புல உப்புக் குறைஞ்சா, எப்பப் போட்டே, எத்தனை கரண்டி போட்டேன்னு கேக்கறேன். சம்சாரம் பேச்சைக் குறைச்சுட்டா. மகன் ஊருக்கு வர்றதையே நிறுத்திட்டான்."

அம்மை சிரிக்கவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுல என்ன வேலை?"

பேச்சை மாற்றுகிறார் என்று அவருக்குப் பட்டது. இருந்தாலும் சொன்னார்.

"தண்டனை வாதம். ராசாங்கம்னு ஒருத்தன். வாய்க்கால் தகராறுல பக்கத்து வீட்டுப் பொம்பளையையும் அவ மகளையும் வெட்டிட்டான். புருஷன் உத்திராபதி, லாரி ஓட்டறவர். அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தார். குற்றவாளின்னு தீர்ப்பாயிடுச்சு. தூக்கா, ஆயுளான்னு நாளைக்குத் தெரியும். நான் தூக்குக் கேக்கணும்."

"கேட்டா குடுத்துடுவாங்களா?"

"கொலை கொடூரம்னு காட்டினா மட்டும் பத்தாது. இவன் இனிமே திருந்தவே மாட்டான்னும் காட்டணும்."

"காட்டிடுவீங்களா?"

"இதுவரைக்கும் நாலு பேருக்குக் காட்டியிருக்கேன்."

சொல்லும்போது அவரை அறியாமல் முதுகு நிமிர்ந்தது.

அம்மை ஒரு காயை எடுத்தார். பிளந்தார். மொச்சையைக் கிண்ணத்தில் உதிர்த்தார்.

"வந்ததும் என்னமோ கேட்டீங்களே. சரியாக் காதுல விழல. இன்னொரு தரம் கேளுங்க."

"ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல ஒருத்தன்..."

அவர் முடிக்கவில்லை.

முகம் சிவந்துவிட்டது.

"அவனும் நானும் ஒண்ணா?" என்று கத்தினார். மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ரெண்டு உயிரை எடுத்தவன் அவன்!"

"நான் ஒண்ணும் சொல்லலியே, வக்கீலய்யா."

அன்றைக்கு அவர் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

மறுநாள் கோர்ட்டில் எழுந்து நின்றபோது கோபம் இன்னும் ஆறவில்லை. கோபம் இருந்தால் அவருக்கு வாதம் நன்றாக வரும். வந்தது. மகளை மறைத்துக்கொண்டு தாய் குப்புற விழுந்து கிடந்ததைச் சொன்னார். அரிவாள் எத்தனை முறை இறங்கியது என்று சொன்னார். யாரும் இருமக்கூட இல்லை.

கடைசி பெஞ்சில் உத்திராபதி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூண்டில் ராசாங்கம். முகத்தில் வருத்தம் இல்லை, திமிரும் இல்லை. கட்டைவிரல் நகத்தால் கம்பியில் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இவன் திருந்துவதற்கு..." என்று ஆரம்பித்தார் செவ்வந்திலிங்கம்.

நின்றுவிட்டார்.

நீதிபதி பேனாவைப் பிடித்தபடியே தலையைத் தூக்கினார்.

"சொல்லுங்க. திருந்துவதற்கு?"

"வாய்ப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஐயா."

"தெரியாதா?"

"தெரியாது. நடந்த கொலைக்குச் சாட்சி கொண்டுவந்தேன். இந்த ஆள் நாளைக்கு எப்படி இருப்பான்கிறதுக்கு என்கிட்ட சாட்சி இல்லை."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் தண்டனை சொன்னார்கள். சாகும்வரை சிறை. ராசாங்கத்துக்கு விளங்கவில்லை. போலீஸ்காரர் அவன் காதோரம் குனிந்து சொன்னார். அவன் தலையை ஆட்டினான்.

சாயங்காலம் செவ்வந்திலிங்கம் வீட்டுக்குப் போய், காபி நன்றாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் கதவைத் திறந்தால் எதிரே உத்திராபதி நின்றார்.

அடுத்த நாள் கோர்ட் வாசலில் நின்றார். அதற்கு அடுத்த நாள் பெட்ரோல் பங்கில். சண்டைக்கு வரவில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலின் கார் ஆசிரமத்துக்குப் போனபோது, பின்னாலேயே ஒரு டி.வி.எஸ். வண்டியும் போனது.

"தாயே, நீங்க கேட்டது எனக்குப் புரிஞ்சுபோச்சு," என்றார் செவ்வந்திலிங்கம். கோர்ட்டில் நடந்ததையெல்லாம் சொன்னார். "மனசு லேசாயிடுச்சு. ஆனா அந்த மனுஷன் விடமாட்டேங்கறார். எங்க போனாலும் வந்து நிக்கறார்."

"என்ன கேக்கறார்?"

"'உங்களுக்கே தெரியாதுன்னா, என் பொண்ணுக்காக யாரு சார் கேப்பா?'"



"நீங்க என்ன சொன்னீங்க?"

"சட்டத்தைச் சொன்னேன். மேல்கோர்ட்டு இருக்குன்னு சொன்னேன். எதுவும் அவர் காதுல ஏறலை. அவருக்கு என்ன பதில் சொல்றது? தாயே, நீங்கதான் சொல்லணும். உங்ககிட்ட வந்துபோனதாலதான் நான் அன்னிக்கு அப்படி நின்னேன்."

"இப்ப அவர் எங்க?"

"வெளியில. வாசல்ல இருக்கிற தொண்டர்கிட்ட, அவரை உள்ள விடவேணாம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

அம்மை எழுந்தார்.

"தாயே, வெயில். செருப்பு..."

அம்மை நிற்கவில்லை. மாமரங்களைத் தாண்டி, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தார். வக்கீல் பின்னாலேயே ஓடினார். தொண்டர் அவசரமாகக் கதவைத் திறந்தார்.

உத்திராபதி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அம்மையைப் பார்த்ததும் கைகூப்பத் தோன்றவில்லை அவருக்கு. வக்கீலைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அம்மை மதிலோர நிழலில், தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். உத்திராபதி தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணு எப்படி இருப்பா?" என்று கேட்டார் அம்மை.

இரண்டு வருஷமாக உத்திராபதியை எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருந்தார்கள். பிணத்தை எப்போது பார்த்தாய், யார் கூட இருந்தார்கள், ரத்தம் காய்ந்திருந்ததா என்றெல்லாம். அதில் பாதிக் கேள்விகள் செவ்வந்திலிங்கம் கேட்டவை.

உத்திராபதி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க அம்மா ஜாடைங்க," என்றார். "ஆனா குரல் என் குரல். முரட்டுக் குரல். அந்தக் குரலை வச்சுக்கிட்டு எந்நேரமும் பாடும். லாரி தெருமுக்குத் திரும்பறப்பவே எனக்குக் கேக்கும். சகிக்காதுங்க. நிறுத்துடின்னா இன்னும் கத்திப் பாடும்..."

சிரிப்பு வந்தது அவருக்கு. வந்த சிரிப்பு பாதியில் உடைந்தது. முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டார்.

செவ்வந்திலிங்கம் வாசலிலேயே, கைகளை முன்னால் கோத்தபடி நின்றிருந்தார்.

அம்மை திரும்பிப் பார்க்கவில்லை.

"நின்னுக்கிட்டே கேக்காதீங்க, வக்கீலய்யா. உக்காருங்க."