சுட்டி தின்ற பக்கம்

அந்தக் காலத்தில் ஆடு பேசும், மாடு பேசும். மனிதர்கள் அவற்றுக்கு வாக்குக் கொடுப்பதும் உண்டு.

ஒரு கரிசல்காட்டு ஊரில் பவளாயி என்று ஒரு ஓவியக்காரி இருந்தாள். பிள்ளைகள் மணலில் எழுதிய எழுத்தை மறுநாளே மறந்துவிடுகிறார்களே என்று, எழுத்துக்கு ஒரு படம் போட்டுப் புத்தகம் செய்யத் தொடங்கினாள். 'அ'வுக்கு அணிலை வரைந்தாயிற்று. 'ஆ'வுக்கு ஆடு வேண்டும்.

அந்த ஊரில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு கறுப்பு ஆடு இருந்தது. அதன் பெயரே சுட்டிதான். பவளாயி அதனிடம் போய்க் கேட்டாள்.

"எவ்வளவு நேரமானாலும் வெயிலில் நிற்கிறேன்," என்றது சுட்டி. "என் குட்டியைக் கத்திக்கு மட்டும் கொடுக்கக் கூடாது."

"யார் கை வைத்தாலும் நான் குறுக்கே நிற்பேன்," என்றாள் பவளாயி.

சுட்டி பொழுது சாயும்வரை அசையாமல் நின்றது. நடுவில் குட்டி ஓடிவந்து மடியை முட்டிப் பால் குடித்தது. பவளாயி அதையும் சேர்த்தே வரைந்தாள்.

புத்தகம் முடிந்தது. பிள்ளைகள் படத்தைத் தொட்டுத் தொட்டு எழுத்தைச் சொன்னார்கள். ஊருக்கே சந்தோஷம். பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்து விருந்து வைத்தார்கள்.

சாயங்காலம் மேய்ச்சலிலிருந்து சுட்டி திரும்பியபோது குட்டியைக் காணவில்லை. தெருத் தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டு போனது. சமையல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தோல் காய்ந்துகொண்டிருந்தது. சின்னத் தோல்.

சுட்டி நேராகப் பவளாயி வீட்டுக்குப் போனது. அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"தடுத்தாயா?"

"ஊரே கூடி முடிவு செய்தது. நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?"

"ஒரு வார்த்தை சொன்னாயா?"

பவளாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் இலையிலும் போட்டார்களா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

புத்தகம் பாயில் விரிந்து கிடந்தது. சுட்டி காலால் அதை மிதித்துக்கொண்டு 'ஆ' பக்கத்தை வாயால் கிழித்தது. பவளாயி பதறி ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

"விடு, சுட்டி. அது பிள்ளைகளின் பாடம்."

"என் பிள்ளையைத் தின்றுவிட்டு உங்கள் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாகக் காட்டுவீர்களா? படத்தில்கூட அது உங்களுக்குக் கிடையாது."

மனிதரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பக்கத்தை முழுதும் மென்று விழுங்கியது. பவளாயி மறுபடி வரைந்தாள். சுட்டி வந்து மறுபடியும் தின்றது. மற்ற ஆடுகளும் சேதி கேட்டுச் சுட்டியோடு சேர்ந்துகொண்டன.

அன்று முதல்தான், பக்கத்தில் பச்சைப் புல் இருந்தாலும் ஆடுகள் காகிதத்தைக் கண்டால் விடுவதில்லை. எவ்வளவு அதட்டினாலும் நம் முகத்தைப் பார்த்தபடியே மென்றுகொண்டு நிற்கின்றன.